நான் எப்படா அழுதேன்?

'தி எமிக்ரன்ட்ஸ்' என்ற 1971ம் வருஷத்து சுவீடன் படத்தை ஒரு ஃபிலிம் சொஸைட்டியில் பார்த்தேன். பிழைப்பு தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறும் விவசாயக் குடும்பம். மனைவி கிறிஸ்டினாவாக லிவ் உல்மன். அடுத்த பாகத்தில், மின்னசோட்டா காட்டில், கடைசிவரை ஊர் நினைப்பிலேயே உருகுவாள். என் கர்சீப் நனைந்தது.

மூலநாவல் வில்ஹெல்ம் மோபெர்க் எழுதியது. 1948ல் தகவல் திரட்ட மின்னசோட்டா போனவருக்கு, மினா ஆண்டர்சன் என்ற பாட்டி எழுதிவைத்த வாழ்க்கைக் கதை கிடைத்தது. கிறிஸ்டினாவுக்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்த ஏக்கம் மட்டும் அவர் சொந்தச் சரக்கு போலிருக்கிறது.

மினா 1890ல், கல்யாணத்துக்கு முன்னால், தானே ஆசைப்பட்டுப் போனவள். சுவீடனில் அப்போது வேலைக்காரி என்றால் வருஷ ஒப்பந்தம். பிடிக்கவில்லை என்று நடுவில் கிளம்பச் சட்டம் விடாது. அமெரிக்காவிலோ கூடுதல் சம்பளம், வியாழக்கிழமை மத்தியானம் லீவு. தலைத்துணியை அவிழ்த்துவிட்டுத் தொப்பி வைத்துக்கொள்ளலாம். (ஊரில் தொப்பி எஜமானியம்மாக்களுக்குத்தான்!) அப்புறம் ஒரு நார்வேக்காரரைக் கட்டிக்கொண்டு, காடு திருத்தி, பிள்ளைகள் பெற்று... கஷ்டம் இல்லாமலா? ஆனால், வந்ததற்காகப் பாட்டி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஜாய் லின்டல்மன் என்ற சரித்திரப் பேராசிரியை 2009ல் மினாவைப் பற்றிப் புத்தகமே போட்டார். அதைப் பார்த்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. நானும் ஒரு கதையில் என் பாட்டியைத் திண்ணையில் உட்காரவைத்து, விட்டுவந்த கிராமத்தை நினைத்து அழவிட்டிருக்கிறேன். பத்திரிகையில் வந்ததும் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

முழுசாகக் கேட்டுவிட்டு, "நான் எப்படா அழுதேன்?" என்றாள்.