மட்டாஞ்சேரி, அப்பா, கொஞ்சம் கள்ளு

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம் என்று வழக்கமான பொய்யைச் சொல்லலாம். உண்மையில், இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் கள்ளைப் பற்றியது. அதைவிட அதிகமாக அப்பாவைப் பற்றியது.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நாங்கள் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்தில். "பாலைவனத்துல எப்படிப்பா குடும்பம் நடத்துற?" என்று ஊரில் கேட்பார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரிந்ததே இல்லை. சொந்த ஊர் உடன்குடி பக்கம். தேரிக்காட்டுச் செம்மணலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அரிசோனா என்ன, கொஞ்சம் பெரிய தேரி. பனைக்குப் பதிலாகக் கள்ளிச்செடி, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்பு ஒரு ப்ராஜெக்ட் முடிந்த சந்தோஷத்தில் மேனேஜர் எங்களை ஒரு கிராஃப்ட் பீர் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போனார். பெரிய கம்பெனி பீர் இல்லை. சின்னச் சின்ன ஆலைகளில் பார்த்துப் பார்த்துக் காய்ச்சுவது. ஒரு வேன், ஓட்டுநர், கூடவே ஒரு வழிகாட்டி. டெம்பியில் 1996-ல் ஒரு பழைய பால் பண்ணைக் கட்டடத்தில் ஆரம்பித்த 'ஃபோர் பீக்ஸ்' முதல் நிறுத்தம். அங்கிருந்து பாலைவனத்தின் வழியாக டூசான் வரைக்கும் ஒவ்வொரு ஆலையாக இறங்கி ஏறினோம்.

நான் பெரிய குடிகாரன் இல்லை (தங்கமணி படிப்பார் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே!). ஆனால் அந்தக் கதைகள் பிடித்துப்போயின. பார்லியை முளைகட்டிக் காயவைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, அதிலிருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். தாடிவைத்த இளைஞர் ஒருவர் கோயில் குருக்கள் மாதிரி பயபக்தியோடு விளக்கினார். சப்பாத்திக்கள்ளிப் பழம் போட்ட பீர் ஒன்று கொடுத்தார்கள். சின்ன வயதில் அதே பழத்தைத் தின்று நாக்கு சிவந்து அம்மாவிடம் அடிவாங்கியிருக்கிறேன். இங்கே அதற்குக் காசு!

வேனில் வழிகாட்டி இன்னொன்றும் சொன்னார். அந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான தோஹோனோ ஓதாம் மக்கள், ஆளுயரத்தைப் போல ஐந்தாறு மடங்கு வளரும் சகுவாரோ கள்ளியின் பழத்தை நீளக் கழியால் தட்டி எடுத்து, பாகு காய்ச்சி, புளிக்கவைத்து, மழை வேண்டிச் சடங்கு செய்து குடிப்பார்களாம். அமெரிக்கா முழுக்க 1920-லிருந்து 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அதற்குப் பிறகும் வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டவிரோதமாகவே இருந்து, 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விலக்கு கிடைத்தது. வீட்டுக் கொல்லையில் காய்ச்சிப் பழகியவர்கள்தான் பிறகு இந்த ஆலைகளையெல்லாம் ஆரம்பித்தார்கள் என்றார். ஒரு கையெழுத்து, திருட்டுக் காரியத்தைக் கலையாக்கிவிட்டது.

அன்றைக்கு அந்தத் தாடிக்காரரிடம் மட்டும் ஏழெட்டுக் கேள்வி கேட்டிருப்பேன். ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கடைசியில், "சரி, வண்டிய நீ ஓட்டலல்லா?" என்று மட்டும் கேட்டார். பையன் குடித்தது பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

இனி மட்டாஞ்சேரி.

போன டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போனபோது, கொச்சியை மகளுக்குக் காட்ட வேண்டும் என்று தங்கமணியின் ஏற்பாடு. மகளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவையும் வரச்சொன்னோம். 74 வயதில் தனியாகத் திருநெல்வேலியில் பாலருவி எக்ஸ்பிரஸ் பிடித்து, கையில் ஒரு மஞ்சப்பையோடு வந்து இறங்கினார். தங்கமணி ஒரு நாள் வழிகாட்டிச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்திருந்தார். காலையில் மட்டாஞ்சேரி நடை, மதியம் கும்பளங்கி கிராமம், கடைசியில் ஷாப்புச் சாப்பாடு. 'ஷாப்பு' என்றால் கள்ளுக்கடை என்று அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை. அதுதான் நாங்கள் செய்த தப்பு, அல்லது நல்ல காரியம்.

வழிகாட்டி மலையாளிப் பையன், தமிழும் நன்றாகப் பேசினான். 1555-ல் போர்ச்சுகீசியர் கட்டிக்கொடுத்து, 1663-ல் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததாலேயே டச்சு அரண்மனை என்று பெயர் வாங்கிய கட்டடம். உள்ளே ராமாயணச் சுவரோவியங்கள். பக்கத்திலேயே யூதத் தெரு, 1568-ல் கட்டிய பரதேசி சினகாக், அதன் நீலவெள்ளைச் சீனத் தரை ஓடுகள். மகள் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா எதற்கும் வாய் திறக்கவில்லை. வேளி பக்கம் டோபிகானாவுக்குப் போனபோதுதான் உயிர் வந்தது. அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழர்கள். பட்டாளச் சீருடை வெளுப்பதற்காகத் தலைமுறைகளுக்கு முன்பு கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்றான் வழிகாட்டி. கரிப்பெட்டி போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அப்பா "எந்த ஊரு வே?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் நகரவே இல்லை. திரும்பி நடக்கும்போது, "அவரு தாத்தா தொழில அவரு சொல்லும்போது மொகத்துல ஒரு கூச்சமும் இல்லடே" என்றார். எதற்குச் சொல்கிறார் என்று அப்போது புரியவில்லை.

பஜார் ரோட்டில் சுக்கு, மிளகு, ஏலக்காய் வாசனை தூக்கிக்கொண்டு போனது. ஒரு கடையில் கருப்பட்டி வைத்திருந்தார்கள். அப்பா ஒன்றை வாங்கி உடைத்து, உடைந்த இடத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தார். "சீனி போட்டுருக்கான். பாரு, மினுங்குது." வழிகாட்டிப் பையன் அப்பாவைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தான். நானும்தான்.

மதியம் வேனில் கும்பளங்கி. 'கும்பளங்கி நைட்ஸ்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காயலும் சீன வலையும் தெரிந்திருக்கும். ஒரு தென்னந்தோப்பில் எங்களை நிறுத்தி, "இனி கள்ளு இறக்குவதைப் பார்க்கலாம்" என்றான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தென்னையைப் பார்த்தேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மரத்தில் கட்டியிருந்த தேங்காய் மட்டைகளில் கால்வைத்து விறுவிறுவென்று ஏறினார். வழிகாட்டி கீழேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, தினமும் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவினால் சாறு சொட்டும். அதைப் பானையில் பிடிக்க வேண்டும். முளைகட்ட வேண்டாம், கொதிக்கவைக்க வேண்டாம், ஈஸ்ட் வாங்க வேண்டாம். சர்க்கரையை மரமே கொடுக்கிறது, ஈஸ்ட் காற்றிலும் பானையிலும் இருக்கிறது. சொட்டும்போதே புளிக்க ஆரம்பித்துவிடும். காலையில் இனிப்பு, சாயங்காலம் போதை, சில நாள் விட்டால் வினிகர். அதனால்தான் பீர் மாதிரி கள்ளை நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது.

டூசான் தாடிக்காரர் இரண்டு வாரம் காத்திருந்து செய்வதை இந்த மரம் சில மணி நேரத்தில் செய்கிறதே என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இறங்கிவந்தவரிடம் அப்பா நேராகப் போனார்.

"தட்டுறது எலும்பா?"

"எல்லு தன்னே." அவர் இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். அப்பா வாங்கி எடை பார்த்தார். அப்புறம் கத்தியை வாங்கி, கட்டைவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். அப்படிக் கூர் பார்ப்பதை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ள முடியாது. அது அந்த மனிதருக்கும் தெரிந்தது.

"இதொக்க அறியாமோ?"

"எங்கப்பா பனையேறி," என்றார் அப்பா. "பதினாலு வயசு வரைக்கும் நானும் ஏறுனேன்."

தங்கமணி என்னைப் பார்த்தார். எனக்கே இது செய்தி என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? தாத்தா என்றால் எனக்கு விவசாயம். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கும். "பனங்காடு இருந்துச்சு" என்பார். காடு யாருடையது, அதில் தாத்தா என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. அப்பாவின் கணுக்காலுக்கு மேலே இருக்கும் தழும்பு சைக்கிளில் விழுந்தது என்று நாற்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

அன்றைக்கு அந்தத் தோப்பில் அப்பா பேசினார். தழும்பு தளைநார் அறுத்தது. ஆண்பனைப் பாளையைக் கடிப்பால் இறுக்கிப் பதப்படுத்த வேண்டும். பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் ஓய்வில்லை. தாத்தா காலையில் நாற்பது மரம், சாயங்காலம் திரும்ப அதே நாற்பது மரம். விடிலியில் ஆச்சி கருப்பட்டி காய்ச்சுவாள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள்ளு. ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். ஆனால் 1948-லேயே சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்துவிட்டது. அப்பா பையனாக இருந்தபோது அந்த ஒரு விரல் சுண்ணாம்புக்குள்தான் பிழைப்பும் ஜெயிலும் இருந்தன.

"ஒருநா சோதனைக்கு வந்தவனுவ ஒரு கலயத்துல சுண்ணாம்பு பத்தலைன்னுட்டானுவ. மழ பெஞ்சு கழுவிட்டுது. கேக்கலை. கலயத்தத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுகிட்டு சந்த வழியா நடக்கச் சொன்னானுவ. நான் பின்னாடியே போனேன். அப்பா திரும்பி என்னப் பாத்தாரு. வீட்டுக்குப் போலேன்னாரு. அதோட நான் மரத்துல கால் வைக்கல. இவனுட்ட இதச் சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு விட்டுட்டேன்."

'இவன்' நான்தான்.

ஷாப்புக்குப் போகும் வழியில் வழிகாட்டிப் பையன் மெதுவாகப் பேசினான். இங்கேயும் இந்தத் தொழிலுக்கு எப்போதும் மரியாதை இருந்ததில்லையாம். மது செய்யவோ, கொடுக்கவோ, குடிக்கவோ வேண்டாம் என்று ஸ்ரீநாராயண குருவே சொல்லியிருக்கிறார். ஆனாலும் கள் தொழிலாளர்களுக்கென்று கேரளத்தில் 1969-ல் நலநிதிச் சட்டம் வந்தது. 1996-ல் சாராயத்தை ஒழித்தபோதும் கள்ளை விட்டுவைத்தார்கள். நம் பக்கம் 1987 ஜனவரியில் கள்ளையும் சாராயத்தையும் ஒன்றாகவே தடை செய்தார்கள். 2003-லிருந்து மற்ற சரக்கை அரசாங்கமே கடை திறந்து விற்கிறது. கள்ளு மட்டும் இன்னும் குற்றம். குடியால் அழிந்த வீடுகள் எனக்கும் தெரியும், கள்ளுக்குக் கொடி பிடிக்க வரவில்லை. ஆனால் பாட்டிலில் வருவது வருமானம், மரத்திலிருந்து வருவது குற்றம் என்றால், அந்தச் சந்தை வழியாக நடந்த மனிதரிடம் என்ன நியாயம் சொல்வது?

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் 'கள்ளு' என்று மலையாளத்தில் எழுதியிருந்த கடை. கப்பை, குடம்புளி போட்ட மீன் கறி, கள்ளுவிட்டுப் புளிக்கவைத்த அப்பம். அப்பா வாழ்நாளில் குடித்தவர் இல்லை. கண்ணாடி டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். ஒரே ஒரு வாய் குடித்தார். "தென்ன வேற, பன வேற," என்று சொல்லி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, மீனில் முள் எடுத்துப் பேத்திக்குக் கொடுக்க ஆரம்பித்தார்.

சாண்ட்லரிலும் டூசானிலும் யார் யாரையோ என்னென்னவோ கேட்டிருக்கிறேன். அதே வித்தை தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தார். ஒரு கேள்வி கேட்டதில்லை. டூசானிலிருந்து திரும்பிய ராத்திரி ஃபோனில் அப்பா ஏன் பேசாமல் இருந்தார் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

திரும்பி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஃபோன் கொஞ்சம் நீளமாகிவிட்டது. தளைநார், மிருக்குத்தடி, கடிப்பு, பாளை அருவா, அருவாப்பெட்டி, கலயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். போன வாரம் மகளுக்குப் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதச்சொல்லி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். கொள்ளுத்தாத்தாவின் தொழில் என்ற கட்டத்தில் 'பனையேறி' என்று தமிழிலேயே எழுதி, கீழே ஆங்கிலத்தில் அர்த்தம் போட்டிருந்தாள். அப்பாவிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. இந்தத் தடவை நான் லைனிலேயே காத்திருந்தேன்.

"எழுதிட்டாளா? சரி. நாப்பது மரம்னும் எழுதச் சொல்லு."