உவரியில் ஒரு பூட்டனைத் தேடி

உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன? யோசிக்காமல் சொல்லுங்கள், பார்க்கலாம்.

கபில்தேவ் டெஸ்டில் எத்தனை விக்கெட் எடுத்தார் என்று கேட்டால் 434 என்று தூக்கத்தில்கூடச் சொல்வோம். பி.எஃப். கணக்கு எண் மனப்பாடம். பூட்டன் பெயரைக் கேட்டால் மட்டும், ''அப்பாவைத்தான் கேக்கணும்'' என்று இழுப்போம். அப்பாவோ, ''பெரியத்தை இருந்திருந்தா சொல்லியிருப்பா'' என்பார். பெரியத்தை சுவரில் மாலையோடு தொங்கிக்கொண்டிருப்பார்.

பெயர் கதியே இது. அவர் எங்கே செத்தார், எங்கே புதைத்தார்கள் என்பதையெல்லாம் யார் கண்டது?

சென்னையில் கிளார்க்காக இருக்கும் நண்பருக்கு எண்பதைத் தொட்ட அப்பாவிடமிருந்து ஓர் உத்தரவு. ''கண்ண மூடுறதுக்குள்ள எங்க தாத்தா கல்லறையில ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்டே. உவரியில கோயில் மதில் ஓரம்னு எங்கம்மா சொல்லுவா. நீ போய் எடத்தப் பாத்துட்டு வா.'' நண்பர் லீவு போட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். எனக்கு லீவு போடும் தொல்லை கிடையாது. எழுதுகிறவனுக்கு எல்லா நாளும் ஞாயிறுதான்!

திருநெல்வேலியில் இறங்கி திசையன்விளை பஸ். அங்கிருந்து இன்னொரு பஸ். போகப்போக வயல் மறைந்து பனை வருகிறது. மண் சிவக்கிறது. பிறகு ஜன்னலில் உப்புக்காற்று. உவரி வந்துவிட்டது.

சின்ன ஊர்தான். ஆனால் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. கடற்கரையிலேயே சுயம்புலிங்க சுவாமி கோயில். தென்மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இவர்தான் குலதெய்வம். கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுவது இங்கே நேர்த்திக்கடன். அப்புறம் அந்தோணியார் கோயில். கப்பலில் வந்த போர்த்துக்கீசிய மாலுமிகளை நோய் வாட்ட, கப்பல் தச்சர் ஒருவர் செதுக்கிய அந்தோணியார் சுரூபத்தால் குணமாகி, அதை இந்தக் கரையில் வைத்துவிட்டுப் போனார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. போதாதென்று கப்பல் வடிவத்திலேயே கட்டிய கப்பல் மாதா கோயில். சாகித்ய அகாதெமி பரிசு வாங்கிய 'கொற்கை' நாவலை எழுதிய ஜோ டி குருஸ் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

சரி, பூட்டனுக்கு வருவோம். அவர் பெயர் அந்தோணி.

உவரியில் போய் அந்தோணியைத் தேடுவது, திருச்செந்தூரில் போய் முருகனைத் தேடுவது மாதிரி. கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் ஒருவராவது பெர்னாண்டோவாக இருப்பார். இது 16-ம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கடலோரம் ஞானஸ்நானம் வாங்கியபோது போர்த்துக்கீசியர் பெயர்களும் சேர்ந்துகொண்டதன் பலன். இன்னொரு சிக்கல், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கம். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர். எந்த அந்தோணி செத்தார், எந்த அந்தோணி பிறந்தார் என்று பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

கத்தோலிக்கக் கோயில்களில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. நம்மில் பாதிப் பேருக்கு இல்லாத வசதி இது. பதிவேட்டில் அந்தோணிகள் வரிசையாக வந்தார்கள். தகப்பன் பெயர் ஒத்துப்போனால் வயது உதைத்தது. வயது ஒத்துப்போனால் தகப்பன் பெயர் உதைத்தது. சாயங்காலம் ஆனதுதான் மிச்சம். கல்லறைத் தோட்டத்திலோ மணலில் மரச்சிலுவைகள். கடற்கரை மணலும் உப்புக்காற்றும் மரத்தை எத்தனை வருஷம் விட்டுவைக்கும்?

கடைசியில் கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் வழிக்கு வந்தார்.

''எந்த அந்தோணிடே? பட்டப்பேரு தெரியுமா?''

நண்பர் வீட்டில் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டப்பெயரைச் சொன்னார். பெரியவர் வலையைக் கீழே வைத்தார்.

''அவரா? எங்கப்பா சொல்லியிருக்கார். கச்சான் காத்துல மரத்தோட போனவருல்லா. பொணம் ஒதுங்கல. அவருக்கு ஏது கல்லறை?''

அடக்கம் நடந்தால்தானே அடக்கப் பதிவு! நண்பர் விடவில்லை. ''பாட்டி மதில் ஓரம்னு சொன்னாங்களே, ஐயா?''

''பொம்பளைய அப்படித்தான் சொல்லுவா, மக்கா. கடல் கொண்டுட்டுன்னு சொன்னா, வளர்ற பய எப்படிக் கடலுக்குப் போவான்?''

அந்தக் காலத்தில் தொழில் அது ஒன்றுதான். ஒரு தாய், பிள்ளைகளின் பயத்தைப் போக்க இல்லாத கல்லறையைக் கட்டியிருக்கிறாள். சிமெண்ட் இல்லாமல், செங்கல் இல்லாமல், வெறும் வார்த்தையால். அது எண்பது வருஷத்துக்கு மேல் இடியாமல் நின்றிருக்கிறது.

நண்பர் கரையிலிருந்தே அப்பாவுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ''அப்போ எடம் தெரிஞ்சிட்டுல்லா? கடல்தானே. அங்கயே ஒண்ணு ஏத்திட்டு வா'' என்றார். காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. பெரியவர் ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து அதற்குள் நிறுத்தி ஏற்றிக் கொடுத்தார்.

மறுநாள் பக்கத்திலேயே இருக்கும் இடையன்குடிக்குப் போனோம். அயர்லாந்தில் 1814-ல் பிறந்த கால்டுவெல், 1841-லிருந்து வாழ்ந்த ஊர். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவி 1856-ல் ஒப்பிலக்கணம் எழுதினாரே, அவரேதான். 1847-ல் தொடங்கிய கோயிலைக் கட்டி முடித்துப் பிரதிஷ்டை செய்தது 1880-ல். முப்பத்து மூன்று வருஷம்! நாம் ஹவுசிங் லோன் வாங்கிவிட்டுப் புலம்புகிறோம். கொடைக்கானலில் 1891 ஆகஸ்ட் 28-ல் அவர் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, இந்தத் தேரிக்காட்டுக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி எலைசாவும் அங்கேயே இருக்கிறார்.

கல்லும் எழுத்தும் இருந்தாலும் கதை தடம் மாறும் என்பதற்கு ஜி.யு.போப் சாட்சி. நம் சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். 1908-ல் இறந்து ஆக்ஸ்போர்டில் அடக்கமானார். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னார் என்று மேடைக்கு மேடை கேட்டிருப்பீர்கள். அந்தக் கல்லில் அப்படி ஒரு வரியே கிடையாது. இருப்பது வேறு: குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை வைத்தார்கள் என்ற செய்தி. யோசித்தால் இதுதான் பெரிய கௌரவம். தானே சொல்லிக்கொள்வது ஒன்று. கடல் தாண்டி இருப்பவன் காசு போட்டுக் கல் வைப்பது இன்னொன்று.

ஆகவே, இளைஞர்களே! இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை அரை மணி நேரம் அணைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். நாலே நாலு கேள்வி. பூட்டன் பெயர் என்ன? பட்டப்பெயர் என்ன? எந்த ஊரில் எப்படி இறந்தார்? குலதெய்வமோ கோயிலோ எது? ஒரு டைரிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். பட்டப்பெயரை மட்டும் மறக்க வேண்டாம். உவரியில் எங்களுக்குக் கதவு திறந்த சாவி அதுதான்.

பூட்டனுக்குப் பட்டப்பெயரே கிடையாதே என்கிறீர்களா? கவலைப்படாதீர்கள். ஊர்ப்பக்கம் போய் விசாரித்துப் பாருங்கள், கட்டாயம் இருக்கும். வீட்டில் சொல்லாமல் மறைத்திருப்பார்கள்!