உப்புக் காத்தும் 77 மி.மீ. கண்ணாடியும்

லென்ஸுக்கு முன்னாடி ஃபில்டர் போடணுமா, வேணாமா? கேமரா வெச்சிருக்கிற நாலு பேர் ஒண்ணா டீ குடிச்சா இந்தச் சண்டை வராம இருக்காது. "அவ்ளோ காசு கொட்டி வாங்கின லென்ஸுக்கு ஒரு கண்ணாடி போட்டா என்ன குறைஞ்சு போச்சு?"ன்னு ஒரு கட்சி. "அவ்ளோ காசு கொட்டி வாங்கின லென்ஸுக்கு முன்னாடி எதுக்குய்யா ஒரு மட்டமான கண்ணாடி?"ன்னு எதிர்க்கட்சி. நான் எதிர்க்கட்சியில தீவிரத் தொண்டன். கட்சி மாறின கதைதான் இது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

வீடு செங்கல்பட்டுல. சீட்டு எடுத்த பணத்துல வாஷிங் மெஷின் வாங்கறதா ஏற்பாடு. இடையில ஒருத்தர் கேனன் 17-40 லென்ஸை 25,000 ரூபாய்க்குத் தர்றேன்னார். 2003ல வந்த பழைய லென்ஸ்தான், ஆனா சிவப்பு வளையம் போட்ட 'எல்' லென்ஸ்! தங்கமணி ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள், "சரி வாங்கிக்குங்க, துணி நான் கையாலயே தொவச்சிக்கிறேன்"னாங்க. அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம்னு கல்யாணம் ஆனவங்களுக்குத் தெரியும் :)

லென்ஸ் வந்த முதல் ஞாயிறு. மார்கழி மாசம். இருட்டுல பைக்கை எடுத்து, திருக்கழுக்குன்றம் வழியா சுமார் 30 கிலோமீட்டர் ஓட்டி, மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குத் தெக்கால மணல்ல போய் நின்னாச்சு. சூரியன் கடலை விட்டு எந்திரிக்குது, அலை பாறையில அடிச்சுத் தெறிக்குது, நான் சுட்டுத் தள்றேன். பத்து நிமிஷத்துல வியூஃபைண்டர்ல எல்லாம் பால் ஊத்தின மாதிரி தெரியுது. திருப்பிப் பார்த்தா முன் கண்ணாடி முழுக்க உப்புத் தண்ணிப் புள்ளி. சூரியன் நமக்காக நிக்குமா? சட்டை முனையை எடுத்து ஒரே தொடை.

'சரக்'னு ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், ஆனா வயித்துல கேட்டுச்சு.

மாமல்லபுரம் மணலும் மத்த கடற்கரை மணல் மாதிரி பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தன்மை அளவுகோல்ல குவார்ட்ஸ் 7, லென்ஸ் கண்ணாடி சுமாரா 6க்குப் பக்கத்துல. ஆக, என் சட்டையில ஒட்டியிருந்த ஒரே ஒரு மணலுக்கு என் 25,000 ரூபாயைக் கிழிக்கிற தெம்பு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து ட்யூப்லைட்ல சாய்ச்சுப் பார்த்தா, முடி மாதிரி ஒரு கோடு. யாருகிட்டயும் சொல்லல. முக்கியமா வீட்ல.

சென்னையில கேமரா ரிப்பேர் பார்க்கிற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனேன். லென்ஸைப் பார்க்கல, என்னைத்தான் பார்த்தார். "சட்டையால தொடச்சீங்களா தம்பி?" தலையை ஆட்டினேன். "கோடு படத்துல விழாது, பயப்படாதீங்க. வெயில் பக்கவாட்டுல அடிச்சா கொஞ்சம் வெளுக்கும், அவ்ளோதான். ஆனா உப்பைத் தேய்க்கக் கூடாது தம்பி, கரைக்கணும்."

திரும்பி வர்ற ரயில்ல இதையே யோசிச்சிட்டு வந்தேன். அந்தக் கடற்கரைக் கோயிலுக்கும் இதே வைத்தியம்தான்! ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டினது, 1300 வருஷமா உப்புக் காத்து வாங்கிட்டு நிக்குது. கல்லோட துவாரத்துல உப்புத் தண்ணி இறங்கும், காயும், உள்ளேயே உப்பு பூக்கும், கல் மேல்தோல் உதிரும். சிற்பங்கள் எல்லாம் மூக்கு முழி மழுங்கிப் போனதுக்கு இது பெரிய காரணம். தொல்லியல் துறைக்காரங்க ஈரக் காகிதக் கூழைக் கல் மேல அப்பி வைப்பாங்க. உப்பு கரைஞ்சு கூழுக்கு ஏறும், காய்ஞ்சதும் உரிச்சு எடுத்துடுவாங்க. தேய்க்கிற வேலையே கிடையாது. சுத்தி சவுக்கு மரம் வேற நட்டிருக்காங்க, காத்தோட வேகத்தைக் குறைக்க. கடல் பக்கம் அலையைத் தடுக்கக் கல் கொட்டியிருக்காங்க. அதாவது கோயிலுக்கே ஃபில்டரும் ஹூடும் போட்டாச்சு, நான் மட்டும் எதிர்க்கட்சி.

உடனே போய் ஒரு யூவி ஃபில்டர் வாங்கினேன். 300 ரூபாய். (கடை பேர் வேணாம்.) அடுத்த ஞாயிறு அதே இடம். வந்து கம்ப்யூட்டர்ல போட்டா, வலது கீழ் மூலையில சூரியன், இடது மேல் மூலையில கோபுரத்துக்குப் பக்கத்துல பச்சையா இன்னொரு குட்டிச் சூரியன்! பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பக்கத்துலயும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கேமரா சென்சார்ல பட்டுத் திரும்புற வெளிச்சம் ஃபில்டர்ல மோதி மறுபடி உள்ளே வந்து, நடுவுக்கு நேர் எதிரா பேயா நிக்கும். எதிர்க்கட்சி சொன்னதும் பொய்யில்லை.

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா விசாரிச்சேன். 'யூவி'ங்கிற பேரே ஃபிலிம் காலத்துச் சமாச்சாரம். டிஜிட்டல் சென்சார் முன்னாடி ஏற்கனவே ஒரு தடுப்பு இருக்கு, அதனால யூவியா 'ப்ரொடெக்டரா'ன்னு மண்டையை உடைச்சுக்க வேணாம். பார்க்க வேண்டியது பூச்சு. மல்ட்டி கோட்டிங் இருந்தா ட்யூப்லைட் பிம்பம் மங்கலா, பச்சையோ ஊதாவோ தெரியும். பளீர்னு வெள்ளையா தெரிஞ்சா அப்படியே கடையில வெச்சிட்டு வந்துடுங்க. தண்ணி ஒட்டாத மேல்பூச்சு இருந்தா கடற்கரைக்கு ரொம்ப நல்லது. வளையம் பித்தளையா கிடைச்சா விடாதீங்க. அலுமினியத்துல அலுமினியம் திருகினா இந்த உப்புக்கு இறுகிப் போய், கழட்ட ரப்பர் பேண்டெல்லாம் சுத்த வேண்டி வரும். 17 மி.மீ. மாதிரி அகல லென்ஸுக்கு வளையம் மெலிசா இருக்கணும், இல்லன்னா மூலை கறுக்கும். நாலாயிரத்துச் சொச்சம் ஆச்சு. இதுல கூத்து என்னன்னா, மழை தூசிக் காப்பு முழுமையாகணும்னா முன்னாடி ஃபில்டர் மாட்டணும்னு இந்த லென்ஸோட கையேட்டுலயே போட்டிருக்கு. யார் படிச்சா?

கீழ விழுந்தா லென்ஸைக் காப்பாத்தும்னு மட்டும் நம்பாதீங்க. மெல்லிசுக் கண்ணாடி, அது உடைஞ்சு அந்தச் சில்லே லென்ஸைக் கீறலாம். அடிக்கு ஹூடுதான். கொளவாய் ஏரிக்கோ வேடந்தாங்கலுக்கோ போனா நான் ஃபில்டரைக் கழட்டிடறேன், அங்க உப்பும் இல்லை, மணலும் இல்லை. (வேடந்தாங்கல்ல மேலேர்ந்து வேற ஒண்ணு விழும், அதுக்குத் தொப்பி.) கார்த்திகை தீபம், ராத்திரித் தெருவிளக்கு எடுக்கும்போதும் கழட்டிடணும், எவ்ளோ நல்ல பூச்சா இருந்தாலும் பேய் எட்டிப் பார்க்கும்.

போன வாரம் கடற்கரையிலேர்ந்து வந்து, ஃபில்டரை மட்டும் கழட்டிக் குழாயில காட்டிட்டிருந்தேன். போர் தண்ணியே உப்புங்கிறதால கடைசியா ஒரு டம்ளர் கேன் தண்ணி. தங்கமணி பக்கத்துல பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தவங்க மேடையில இருந்த லென்ஸைக் கையில எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சாங்க.

"என்னங்க, உள்ள முடி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கே?"

எல்லாத்தையும் சொல்லிட்டேன். சட்டை, மணல், ரிப்பேர்காரப் பெரியவர், 300 ரூபாய், நாலாயிரம், எல்லாம். அவங்க ஃபில்டரை வாங்கி, விரல் படாம ஓரத்தைப் புடிச்சுத் தண்ணியை உதறி, தட்டுப் பக்கத்துல சாய்ச்சு வெச்சாங்க.

"மூணு மாசமா அந்தச் சட்டையை நான்தான் கையால தொவச்சிட்டிருக்கேன்"னாங்க.

வர்ற மாசம் வாஷிங் மெஷின் பார்க்கப் போறோம்.