ஆனால் என்ற சொல்

கணினி மொழி கற்பது எனக்கு முதலில் ஒரு வாக்கிய அமைப்புப் பிரச்னையாகவே பட்டது. ஆங்கில இலக்கியம் படித்த வங்கிக் குமாஸ்தாவுக்கு வேறெப்படிப் படும்? 1964-ல் டார்ட்மௌத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் 'பேசிக்' மொழியை உருவாக்கியது விஞ்ஞானம் படிக்காத மாணவர்களையும் மனதில் கொண்டுதான். ஆயினும் அதன் எளிமை ஆங்கிலம் அறிந்தவனுக்கான எளிமை. 'இஃப்' முதலில் வரும், நிபந்தனை அடுத்து வரும்.

முத்து அண்ணாமலையின் 'எழில்' கவனிக்க வேண்டியதாவது இங்கேதான். 2009-ல் அவர் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். பைதானின் மேல் கட்டப்பட்ட இம்மொழியில் நிபந்தனை முன்னால், 'ஆனால்' பின்னால். இன்று மறுத்துப் பேசுவதற்கே பயன்படும் அச்சொல், 'ஆகுமானால்' என்ற தன் மூலப் பொருளுக்குத் திரும்பிவிடுகிறது. 'பதிப்பி' மட்டும் ஆங்கில வழக்கில் வரியின் தலையில் நிற்பது உறுத்தத்தான் செய்கிறது.

திருவதிகையில் தமிழ்வழி படித்த என் அக்காள் மகள், நெய்வேலியில் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போய் ஒரே வாரத்தில் நின்றுவிட்டாள். 'உனக்கு லாஜிக் வராது' என்றார்களாம். எழிலில் நகைக்கடன் வட்டியை முதல் பாடமாக வைத்தேன். அசல், விகிதம், மாதம் என்று மூன்று பெயர்கள். 'பன்னிரண்டு மாதம் தாண்டினால் என்ன மாமா?' என்று அவளே கேட்டாள். அக்கேள்வியை அதே வரிசையில் எழுதச் சொன்னேன், ஓடியது. பிறகு பைதானில் 'இஃப்' அவளுக்கு வெறும் இடமாற்றமாகிவிட்டது.

வேலைக்கு உதவப்போவது பைதான்தான். ஆங்கிலம் வராததையும் தர்க்கம் வராததையும் ஒன்றென்று எண்ணும் பயிற்சிக்கூடங்களுக்கு, இரண்டும் வேறென்று காட்ட இச்சிறு மொழி போதும்.