வெற்றுக் குழிகள்

வயது முதிர்ந்த யந்திரம் புதிதாய்க் கற்குமோ என வினவுவோர்க்கு நாம் பி. பி. ஸி. மைக்றோவைச் சுட்டுவோம். 1981இல் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கோர்ண் கம்பனியார் வெளியிட்ட வீட்டுக் கணினி அது. அதன் பலகையில், றொம் எனப்படும் அழியா நினைவகச் சில்லுகளுக்கென நான்கு குழிகள் இருந்தன. ஒன்றிலே பேசிக் மொழி அமர்ந்தது. எஞ்சியவை வருங்காலத்துக்கென விடப்பட்டன. ‘வேர்ட்வைஸ்’ சில்லைப் பொருத்தியவர்க்கு அதுவே கடிதம் எழுதும் கருவியுமாயிற்று.

உள்ளே நடப்பது நம் வகுப்பறை வழக்கமே. தான் அறியாத கட்டளை வந்தால், கணினி ஒவ்வொரு சில்லையும் வரிசையாக வினவும். அறிந்த சில்லு எழுந்து விடை கூறும். எதுவுமே அறியாவிடின் ‘தவறான கட்டளை’ எனத் திரையில் தோன்றும். சில்லுகள் எத்தனையாயினும், 16 கிலோபைற் அளவான ஒரே ஆசனத்தில் முறைவைத்து அமர்வதே அவற்றின் ஒழுங்கு.

அண்மைக் காலத்தில் ஆர்வலர் ஆக்கிய றொம் ஒன்றையும் சிறு இணைப்புக் கருவியையும் சேர்த்தால், அக்கிழட்டு யந்திரம், தான் பிறந்தபோது உலகில் இல்லாத எஸ். டி. அட்டையையும் படிக்கின்றது!

பாடத்திட்டம் மாறுந்தோறும் ஆசிரியர் அறையில், “இந்த வயதில் நமக்குப் புதுப்பாடமா?” என்னும் குரல் எழுவதுண்டு. அப்போதெல்லாம் அவ்வெற்றுக் குழிகளே நம் நினைவுக்கு வருகின்றன.