தோன்றா எழுவாய்

தமிழ்த்துறையில் பணிபுரியும் எங்கள் இருவரிடமும் பைத்தான் நிரலைக் கொண்டுவந்து காட்டிய முதல் மாணவி அவள். ஊர் திருச்செங்கோட்டை ஒட்டிய சிற்றூர். தந்தை ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடமாநிலங்களில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிப்பவர். அந்த வட்டாரத்தில் இது புதுமையன்று. பாதி வீடுகளின் கதை இதுதான்.

வெண்பாவின் ஒவ்வோர் அடியிலும் எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லும் சிறு நிரல். அதைத்தான் திட்டக்கட்டுரையாக ஒப்படைக்க விரும்பினாள். ஒப்படைக்க மூன்று நாள் மட்டுமே இருந்தது. நிரலோ ஓட மறுத்தது.

"ஒண்ணுதானுங்க ஐயா குடுத்தேன். ரெண்டு குடுத்தேங்குது. மூணு நாளா இதையேதான் சொல்லுதுங்க."

திரையிலிருந்த ஆங்கில வரியை நாங்களும் வாசித்தோம். இந்தச் செயற்கூறு ஓர் உள்ளீட்டை மட்டுமே ஏற்கும், இரண்டு தரப்பட்டுள்ளன என்பது அதன் பொருள். அவள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். வெண்பா என்றொரு வகுப்பு. அதனுள் எண்ணு என்றொரு செயற்கூறு. அதன் அடைப்புக்குறிக்குள் அடி என்ற ஒரே பெயர். கீழே, பா என்ற பொருளை உருவாக்கி, பா.எண்ணு என்று அழைத்து, ஒரேயொரு அடியைத்தான் கொடுத்திருந்தாள். அவள் சொன்னது பொய்யன்று.

இங்கே நாங்கள் செய்த தவற்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். "இலக்கியம் படிக்க வந்த பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு? கையால் எண்ணி எழுதிக் கொடுத்துவிடு" என்றோம். அவள் மறுத்துப் பேசவில்லை. மடிக்கணினியை மூடினாள். அந்த மூடும் ஓசை அன்றிரவு முழுதும் எங்களைத் தொடர்ந்தது.

மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு கணினித்துறை நண்பரிடம் போனோம். அவர் நிரலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பா.எண்ணு என்று நாம் அழைக்கும்போது, புள்ளிக்கு முன்னே நிற்கும் பா என்ற பொருளையே பைத்தான் முதல் உள்ளீடாகத் தானே எடுத்துச் செயற்கூற்றிடம் கொடுத்துவிடுகிறதாம். அடி இரண்டாவதாகப் போய்ச் சேருகிறது. ஆகவே வரையறுக்கும் இடத்தில் அந்த முதல்வருக்கு ஓர் இருக்கை போட்டு வைக்க வேண்டும். வழக்கமாக அதற்குச் செல்ஃப் என்று பெயர் வைப்பார்கள்.

அழைக்கும்போது மறைந்திருப்பதை வரையறுக்கும்போது மட்டும் ஏன் எழுத வேண்டும்? எங்களுக்கு எழுந்த இந்தக் கேள்வி பழையதுதான் என்றார் நண்பர். 2008இல் புரூஸ் எக்கல் என்ற எழுத்தாளர் அதை நீக்கிவிடலாம் என்று யோசனை சொல்ல, மொழியை உருவாக்கிய குய்டோ வான் ராசம் அது இருந்தே ஆக வேண்டும் என்று விளக்கமாக மறுத்தாராம்.

அதுவரை பேசாதிருந்த மாணவி, "தோன்றா எழுவாய் மாதிரிங்களா?" என்றாள்.

நண்பருக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். "அம்மா யாருகிட்டயும் அப்பா பேரச் சொல்ல மாட்டாங்க. 'பணம் போட்டுருக்காரு'ம்பாங்க. யாருன்னு நாங்க கேக்க மாட்டோம்."

வந்தான் என்பதில் அவன் மறைந்திருப்பதை எத்தனை ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறோம்! இப்படியொரு எடுத்துக்காட்டு எங்களுக்குத் தோன்றியதேயில்லை.

செல்ஃப் என்பது ஒதுக்கப்பட்ட சொல் அன்று, வெறும் வழக்கு. பைத்தான் 3இல் பெயர்களைத் தமிழிலும் எழுதலாம் என்று அறிந்ததும் அங்கே தான் என்று தட்டெழுதினாள். நான் என்றல்லவா இருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவர் கேட்க, தற்சுட்டுப் பெயர் தான்தானே என்று மற்றவர் சொல்ல, சிறு சண்டையே மூண்டது. பிறர் படிக்கும் நிரலில் வழக்கை மீறாதீர்கள் என்று நண்பர் நடுவே புகுந்தார். அவர் சொன்னதே சரி. எனினும் அவள் மாற்றவில்லை.

அடுத்த முறை ஓட்டியபோது வேறொரு பிழை: அடி என்ற உள்ளீட்டைக் காணோம் என்றது. கொடுத்ததையே இல்லை என்கிறதே! இம்முறை அவளே கண்டுபிடித்தாள். வரியைத் திருத்தும் அவசரத்தில் பா.எண்ணு என்பதற்குப் பதில் வெண்பா.எண்ணு என்று வகுப்பையே நேராக அழைத்திருந்தாள். புள்ளிக்கு முன்னே பொருள் இல்லாததால், கொடுத்த அடி தான் என்ற இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டது. அடியின் இருக்கை காலி. பாவையே மீண்டும் முன்னிறுத்தினாள்.

பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. சோதனைக்காகத் தமிழ் என்ற சொல்லைக் கொடுத்தாள். விடை 5 என்று வந்தது.

த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனக் கணினி ஐந்தாகப் பிரித்து எண்ணியிருக்கிறது. மூன்றெழுத்து என்று பாடம் நடத்தும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிப்பதற்கென்றே ஓப்பன்தமிழ் என்ற நிரலகம் உள்ளது என்றார் நண்பர். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினாள். ஒப்படைக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.