நுண்பேழை

புகையிலைச் செடியின் இலையைத் தேமலாக்கும் ஒரு நோய்க்கிருமியை ஆராய்வதால் மக்கட்கு யாது பயன் எனச் சிலர் வினவுவர். 1953ஆம் ஆண்டு முதல் இலண்டன் பிர்க்பெக் கல்லூரியில் ரோசலிந்து பிராங்க்ளின் அம்மையார் எக்ஸ் கதிர் கொண்டு அதனையே ஆராய்ந்தார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கின், அக்கிருமியின் நீளம் அவற்றுள் 300 கூறேயாம். அதன் புரதத் துண்டுகள் திருகுபடிபோல் அடுக்குற்றுள்ளன, ஆர்.என்.ஏ. இழையோ நடுக்குழியிலன்றிப் புரதச் சுவரினுள்ளே புதைந்துள்ளது என அவர் காட்டினார். 1958இல், தம் 37ஆம் அகவையில், புற்றுநோயால் உயிர் நீத்தார்.

கிருமியாவது பேழையிலிட்ட செய்தியே. பேழையின்றேல் ஆர்.என்.ஏ. விரைவிற் சிதைந்தொழியும். 2020இல் வெளிப்போந்த கொரோனாத் தடுப்பு மருந்துகள் சிலவற்றுள் அவ்விழையைக் கொழுப்பு நுண்பேழையிற் பொதிந்தனர். உயிரணு அதனை விழுங்கியபின், ஆண்டுள்ள அமிலத்தன்மையால் கொழுப்பு மின்னேற்றம் பெற்றுச் சவ்வினைக் குலைத்துச் செய்தியை வெளிவிடும்.

இந்நுண்பேழை அம்மையார் ஆய்வினின்று நேரே பிறந்ததன்று. ஆயினும் கிருமியின் அமைப்பை அறியாதார் அதனை எதிர்த்தல் யாங்ஙனம்? 2021இல் எம் இல்லத்து மூத்தோர் ஒருவரை அத்தொற்றுக்குப் பறிகொடுத்தேம். ஆகலின், பயன் தோன்றுமுன்னரே உண்மையை நாடி உழைப்போரை யாம் வீண்காலம் போக்குவோர் என்னோம்.